எதுல சுட்ட?

பன்னிரண்டு வயதில் மாடக்குளம் கண்மாய்க் கரையில் நின்று, மாமாவின் ஏர்கன்னால் ஒரு மடையானைச் சுட்டேன். பட்டது, ஆனால் சாகவில்லை. ஒற்றைச் சிறகை இழுத்துக்கொண்டு கருவேலம் புதருக்குள் போய்விட்டது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. கோச்சடை வீட்டுக்குத் திரும்பியதும் தாத்தா திட்டவில்லை. "எதுல சுட்ட?" என்று மட்டும் கேட்டார்.

தாத்தா இளவயதில் பன்னிரண்டு போர் துப்பாக்கியில் காடை, முயல், கண்மாய்ச் சிறகி எல்லாம் சுட்டவர். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட முதலில் சிறு வேட்டைக்கென்று ஓர் உரிமம் இருந்தது. 1991 திருத்தத்தில்தான் போனது. அவருக்குத் தோட்டா என்பது ஒரு கணக்கு. ரவையின் நம்பர் கூடக்கூட அளவு குறையும். காடைக்கு எட்டாம் நம்பர், சுமார் இரண்டேகால் மில்லிமீட்டர். முயலுக்கு நான்காம் நம்பர், மூன்றுக்கு மேல். காடைக்குப் பெருசு போட்டால் மணிகள் குறைந்து, ஒன்றிரண்டு பட்டு நொண்டும். முயலுக்குச் சிறுசு போட்டால் காயத்தோடு ஓடி எங்கேயோ கிடந்து சாகும். "சுட்டா அங்கனயே விழணும்டா. இல்லன்னா தூக்காத."

என் கையில் இருந்ததோ 4.5 மில்லிமீட்டர் ஏர்கன். 20 ஜூலுக்கு மிகாதவற்றுக்கு இன்றும் உரிமம் வேண்டாம். விசை குறைவு என்பது நமக்கு ஆறுதல். அந்த மடையானுக்கு அதுதான் வதை.

சரியான ரவை கொலையைச் சரியாக்கிவிடுமா? திறமை என்பது குற்றவுணர்வுக்குப் போடும் மருந்துதானே என்று நண்பன் கேட்டான். பாதி உண்மை. ஆனால் தாத்தாவின் கணக்கிலேயே ஓர் ஓட்டை இருந்தது: பறவைமேல் படாத மணிகள். அவை ஈயம். கண்மாய்ச் சேற்றில் கிடக்கும். இரை அரைக்கக் கல் பொறுக்கும் வாத்துகள் அதையும் விழுங்கி, விஷமேறிச் சாகும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை 1991இல் நாடு முழுக்கத் தடையானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈரநிலங்களில் 2023இல். குறி தப்பாத வேட்டைக்காரரும் தான் பார்க்காத பறவைகளைக் கொன்றிருக்கிறார்.

இதைப் படித்தபோது தாத்தா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் கணக்கைத் திரும்பப் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். 'எதுல' என்ற கேள்வியை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டே போனால், அது 'எதுக்கு' என்பதில் போய் முட்டுகிறது. நான் முதல் கேள்வியைக்கூடக் கேட்காமல் விசையை அழுத்தியவன்.

வேலையில் தப்பு நடந்தால் முந்தைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடுவேன். மாடக்குளம் பக்கம் போகும்போது மட்டும் கண் தானாகப் புதர்களைத் தேடுகிறது.