குரலுக்கு உரியவர் யார்?

மறைந்த எழுத்தாளரின் கைப்பிரதியை அச்சேற்றுவது வேறு. அவர் எழுதாத ஒன்றை அவர் பெயரால் எழுதுவது வேறு. எழுத்துலகம் நெடுங்காலமாக அறிந்த இந்த வேறுபாடு, செயற்கை நுண்ணறிவின் வருகையால் இன்று இசையுலகின் வாயிலிலும் வந்து நிற்கின்றது.

1980இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஜான் லெனன், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பியானோ வாசித்துப் பாடி ஒலிநாடாவில் விட்டுச் சென்ற பாடல் ஒன்று நிறைவுறாமற் கிடந்தது. 1995இல் தோழர் மூவரும் அதனை முடிக்க முனைந்தனர். பியானோ ஒலியினின்று குரலைப் பிரிக்க இயலாமல் கைவிட்டனர். பின்னாளில் கணினி அதனைப் பிரித்துத் தந்தது. பீட்டில்ஸ் குழுவின் இறுதிப் பாடலாக 2023 நவம்பரில் அது வெளிவந்தது. பொறி படைத்த குரலோ என முன்னரே ஐயுற்ற ரசிகர்களுக்கு, எதுவும் செயற்கையாக உருவாக்கப்படவில்லை என்று பால் மெக்கார்ட்னி விளக்கமளித்தார். பாடியவர் லெனனே, பொறி செய்தது தூசு துடைக்கும் பணி.

பக்கவாதத்தால் 2013இல் பாடும் ஆற்றலை இழந்த அமெரிக்கப் பாடகர் ராண்டி டிராவிஸின் நிலை வேறு. 2024 மே மாதம் வெளிவந்த பாடலில், மற்றொருவர் பாடியதன்மீது டிராவிஸின் பழைய குரல் பொறியால் ஏற்றப்பட்டது. குரல் செயற்கையே, ஆயினும் அதற்கு உரியவர் உயிரோடிருந்து இசைந்தார்.

அதே ஆண்டு ஜனவரியில் 'லால் சலாம்' படப்பாடல் ஒன்றில், 1997இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ.ஆர். ரகுமான் மீண்டும் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவு பெற்று, தக்க ஊதியமும் வழங்கியதாக அவர் அறிவித்தார். கேட்டோருள் சிலர் நெகிழ்ந்தனர், சிலர் மனங்கலங்கினர்.

இக்கலக்கத்தைப் பழமைப் பற்று என ஒதுக்கிவிடுதல் முறையன்று. ஊதியம் வழங்கிய நேர்மை போற்றத்தக்கது. ஆனால், பாடகனின் உரிமை பாடுவதில் மட்டும் அடங்குவதன்று; பாட மறுப்பதிலும் அது உண்டு. இந்தச் சொல் வேண்டாம், இந்தப் பாட்டு என் மனத்துக்கு ஒவ்வாது என்று சொல்லும் உரிமை அது. வீடும் நிலமும் மக்களைச் சேரலாம். குரலால் வரும் பொருளும் சேரலாம். 'மாட்டேன்' என்னும் அந்த ஒரு சொல் மட்டும் அவனோடு மறைந்துவிடுகிறது. அதனை அவனுக்காகப் பிறர் சொல்லவும் இயலாது. அது இல்லையென்று கொள்ளவும் இயலாது.

ரசிகரின் அன்பும் இங்கே சோதனைக்குள்ளாகின்றது. இழந்த குரலை மீண்டும் கேட்க விழைவது மனித இயல்பு. எனினும், ஓய்வு கொண்டவரை மீண்டும் வேலைக்கு அழைக்கும் அன்பு, அவர்மீது கொண்ட அன்பா, தன் இன்பத்தின்மீது கொண்ட பற்றா? அழைப்பை எதிர்நோக்கி வாயிலில் நிற்கும் இளம் பாடகனின் இடமும் அதனால் குறைகின்றது அன்றோ?

பொறியைப் பழிப்பதால் பயனில்லை. கலைஞன் வாழும் நாளிலேயே அவன் விருப்பத்தைக் கேட்டு எழுத்தில் பெறுவதும், ஒலிப்பது எவ்வகைக் குரல் என்பதைக் கேட்போருக்கு ஒளிக்காமல் உரைப்பதுமே அறமாகும். கேட்கப்படாமலே மறைந்தவர் திறத்தில், அவர் பாடி வைத்தவற்றோடு மனம் நிறைவதே அவருக்குச் செய்யும் மரியாதை.