முதல் நாள் நிலா

வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, சித்திரை இடிமழை தொடங்கும் முன் ஊவாவின் வானம் தெளிகிறது. தோட்டங்களில் மாசி வளர்பிறையில் காமன் ஊன்றித் தப்படிக்கிற காலமும் இதுதான். பசறைப் பக்கத்துப் பிள்ளைகள் போனைத் தூக்கி முழுநிலவைப் படம் பிடிக்கிறார்கள். விழுவது ஒரு வெள்ளைப் பொட்டு. கீழே எல்லாம் இருட்டு.

நிலாவின் மேல் விழுவது வெயில். ராத்திரியில் எடுத்தாலும், நாம் எடுப்பது பட்டப்பகலில் கிடக்கும் பாறை நிலத்தைத்தான். கேமராவில் ஐஎஸ்ஓ 100, எஃப் 11, 1/100 விநாடி போதும். போனில் நிலாவைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்தால் அதன் கறைகள் துலங்கும். ஆனால் அந்த அளவில் கீழே நாம் குடியிருக்கும் லயம் காணாமல் போய்விடும்.

லயமில்லாத நிலாப்படம் நமக்கு எதற்கு? நிலா பூமிக்கு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. வட்டத்தை மட்டும் பெரிதாக்கினால் அது பதுளையில் எடுத்ததா பாரிஸில் எடுத்ததா என்று யாருக்குத் தெரியும்? தகரக் கூரையும் தேயிலை மலையும் சேர்ந்தால்தான் அது நம்முடைய நிலா.

அதற்குப் பௌர்ணமிப் போயாவுக்கு முதல் நாள் அந்தி நல்லது. நிலா நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி உதிக்கும். பௌர்ணமியன்று பொழுது சாயும்போது உதித்தாலும், கிழக்கே நிற்கும் மலை அதை மறைத்துக்கொள்ளும். முகடு தாண்டி வரும்போது இருட்டிவிடும். முதல் நாளோ முன்கூட்டியே உதிப்பதால், முகட்டுக்கு மேல் வரும் நேரத்தில் மலையிலும் வெளிச்சம் மிச்சமிருக்கும். நிலாவும் நிலமும் ஒரே படத்தில் அடங்குகிற அந்தச் சில நிமிடங்களைத் தவறவிடாதீர்கள்.

அந்த நேரம், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் பீலிக்கரையில் முகம் கழுவிக்கொண்டிருப்பார்கள். அடுப்புப் புகை கூரைக்கு மேல் ஏறும். படத்தில் அவர்களும் வரட்டும், அவர்களிடம் கேட்டுவிட்டு. கூடையோடு நிற்கும் அவர்கள் படம் தேயிலைப் பெட்டியில் ஏறி உலகமெல்லாம் போயிருக்கிறது. அவர்கள் வீட்டுச் சுவரில் நான் அதைக் கண்டதில்லை. அடுத்த முறை பதுளை டவுனுக்குப் போகும்போது இந்தப் படத்தைப் பிரின்ட் போட்டு அந்த அக்காமார் கையில் கொடுங்கள்.