தார்த்துவின் நான்கு குரல்கள்

எஸ்தோனியாவின் தார்த்து ஒரு லட்சம் பேர்கூட இல்லாத பல்கலைக்கழக நகரம். 1869 ஜூனில் எஸ்தோனிய மக்களின் முதல் பாட்டுத் திருவிழா அங்கேதான் நடந்தது. 800க்கும் மேற்பட்டோர் குழுக்களாக வந்து பாடினார்கள், வாத்தியம் வாசித்தார்கள். தார்த்து அன்று சேர்ந்திருந்த லிவோனியா மாகாணத்தில் பண்ணையடிமை முறை ஒழிந்து அப்போது ஐம்பது ஆண்டு. பாட வந்தவர்களில் பலருடைய தாத்தாக்கள் ஜெர்மானியப் பிரபுக்களின் நிலத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள்.

உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான்கு குரல் இசை எப்படிக் கைவந்தது? மொராவிய சகோதரர்கள் என்ற கிறிஸ்தவச் சபையாரின் ஜெபக்கூடங்கள் ஒரு வழி. யானிஸ் சிம்சே நடத்திய ஆசிரியப் பயிற்சிப் பள்ளி இன்னொன்று. அங்கே படித்துத் திரும்பியவர்கள் ஊர்ப் பள்ளிகளில் எழுத்தோடு பாட்டையும் சொல்லிக்கொடுத்தார்கள்.

நான்கு குரலில் சேர்ந்து பாடும் அந்தப் பயிற்சியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். கீழ்க்குரல்காரர் சற்று ஓங்கினால் மேலே மெட்டு அமுங்கிப்போகும். பயந்து அடக்கினாலோ மொத்தப் பாட்டும் கால் ஊன்ற இடமில்லாமல் தள்ளாடும். பக்கத்தில் நிற்பவரைக் கேட்டபடியே தன் சுரத்தை விடாமல் பிடிக்க வேண்டும். ஆணைக்குப் பணிந்தே பழகிய பரம்பரைக்கு இது எத்தனை பெரிய பாடம்! அடிமை முறையைச் சட்டம் ஒரே நாளில் ஒழித்துவிடலாம். சமமாக நிற்கும் பழக்கத்தை உடம்பு மெல்லத்தான் கற்றுக்கொள்ளும்.

அன்று பாடியவற்றில் பெரும்பாலானவை ஜெர்மானியப் பாணிப் பாடல்கள். எஸ்தோனியர் ஒருவர் மெட்டமைத்தவை இரண்டே. இரண்டும் குனிலெய்துடையவை, வரிகள் விழாவை முன்னின்று நடத்திய யான்சனின் மகள் லிதியா கொய்துலாவுடையவை. பின்னாளில் தேசிய கீதமான பாட்டின் மெட்டும் பின்லாந்தில் பாசியுஸ் அமைத்ததுதான். இதை ஒரு குறையாக என்னால் பார்க்க முடியவில்லை. மெட்டு எங்கிருந்தும் வரலாம். கூடி உட்கார்ந்து, பிசகிப் பிசகித் திருத்திக்கொண்டவர்களுக்கு அது சொந்தமாகிவிடுகிறது.

கொய்துலாவுக்கு அந்தப் பாடகர் வரிசையில் இடமில்லை. 1869இல் ஆண்கள் மட்டுமே பாடினார்கள். பெண்களும் சேர்ந்த குழுக்கள் 1891இல், அதே தார்த்துவில்தான், பாட வந்தன. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே அவர் காலமாகிவிட்டார். 1944இல் குஸ்தாவ் எர்னெசாக்ஸ் கொய்துலாவின் வரிகளுக்குப் புது மெட்டுப் போட்டார். தேசிய கீதம் தடைசெய்யப்பட்டிருந்த சோவியத் ஆண்டுகளில் ஆணும் பெண்ணுமாக எழுந்து நின்று எஸ்தோனியர்கள் பாடியது அந்தப் பாட்டைத்தான்.