ஆணியில் தொங்கும் சாவி

வாடகை வீட்டில் இருந்தவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். வீட்டுக்காரரிடம் இன்னொரு சாவி இருக்கும். தங்கமான மனிதர்தான். நாம் இல்லாத நேரத்தில் ஒருநாள்கூடத் திறந்ததில்லை. ஆனாலும் ஊருக்குக் கிளம்பும்போது பீரோவை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்போம். அவரை நம்புகிறோம் சார். அவர் வீட்டு ஆணியில் தொங்குகிற சாவியை யார் யார் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் கவலை.

அமெரிக்காவில் 1994-ல் ஒரு சட்டம் போட்டார்கள். ‘கலீயா’ என்று சுருக்கிக் கூப்பிடுகிறார்கள். நீதிபதியின் உத்தரவு வாங்கிக்கொண்டு போனை ஒட்டுக்கேட்கும் அதிகாரம் போலீஸுக்கு 1968-லேயே சட்டத்தில் வந்துவிட்டது. அப்புறம் புதுசாக என்ன? டெலிபோன் கம்பெனிகள் தங்கள் எக்ஸ்சேஞ்சுகளை, உத்தரவு வந்த உடனே ஒட்டுக்கேட்க வசதியாக வடிவமைத்து வைக்க வேண்டும் என்றது இந்தச் சட்டம். பழைய எக்ஸ்சேஞ்சுகளை மாற்ற 50 கோடி டாலர் வரை அரசே தரும் என்றும் சொன்னது.

‘போலீஸ் வந்தால் கதவைத் திற’ என்பது ஒன்று. ‘என்றைக்காவது போலீஸ் வரலாம், அதனால் இப்போதே எல்லார் வீட்டிலும் ஒரு கொல்லைக் கதவு வைத்துக் கட்டு’ என்பது வேறு. முதலாவதில் குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுகிற ஒருத்தன் இருக்கிறான். இரண்டாவதில் இருப்பது நாம் எல்லோரும்.

2005-ல் இந்த வலையை பிராட்பேண்ட் இன்டர்நெட்டுக்கும் விரித்தார்கள். கெடு 2007 மே 14. பல்கலைக்கழகங்கள் அலறின. அமெரிக்காவில் ஒரு பெரிய பல்கலைக்கழகம் என்பதே ஒரு குட்டி இன்டர்நெட் கம்பெனி மாதிரி. ஹாஸ்டல், லேப், லைப்ரரி என்று ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றையும் மாற்ற 700 கோடி டாலராவது ஆகும் என்று அவர்கள் தரப்பு கணக்குக் காட்டியது. கோர்ட்டுக்குப் போனார்கள். 2006 ஜூனில் இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு எதிராக வந்தது. வளாகத்துக்குள்ளேயே சுற்றும் தனி நெட்வொர்க்குக்கு மட்டும் விலக்கு. நான் பி.காம். படித்தவன், செலவுக் கணக்கு எனக்குச் சீக்கிரம் புரியும். ஆனால் இந்தச் சண்டையில் பணத்தைப் பற்றிப் பேசிய அளவுக்குக் கதவைப் பற்றிப் பேசவில்லையோ என்று தோன்றுகிறது.

சின்னக் கம்பெனிகளுக்கு ஒரு வழியும் விட்டார்கள். உத்தரவைச் சரிபார்த்து, வேண்டியதை மட்டும் பிரித்தெடுத்து போலீஸுக்கு அனுப்பும் வேலையை வெளியே ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கலாம். அங்கே உட்கார்ந்திருக்கும் இன்ஜினீயரை நினைத்துப் பார்க்கிறேன். தப்பு செய்கிறாரா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. என் குழந்தையை ஒருவன் கடத்திவிட்டான் என்றால், அவன் போனை ஒட்டுக்கேளுங்கள் என்று முதலில் கத்துவது நானாகத்தான் இருக்கும்.

சட்டம் போட்டவர்களும் யோசிக்காமல் இல்லை. போலீஸ் தன் இஷ்டத்துக்குத் தானே பட்டனைத் தட்டிவிடக்கூடாது. நீதிமன்ற உத்தரவோ வேறு சட்டபூர்வமான அனுமதியோ இருக்க வேண்டும். கம்பெனி ஊழியர் ஒருவர் தன் கையால் அதை இயக்க வேண்டும். அதாவது, நடுவில் ஒரு மனிதன். ‘இது முறையான உத்தரவுதானா?’ என்று கேட்கக்கூடிய ஒருத்தன். எனக்கு இந்தச் சட்டத்திலேயே பிடித்த இடம் இதுதான்.

ஆனால் கதவு, வருகிறவனிடம் உத்தரவு கேட்காதே!

கிரீஸில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே வோடஃபோன் கம்பெனியின் எரிக்சன் எக்ஸ்சேஞ்சுகளில், சட்டபூர்வ ஒட்டுக்கேட்புக்கான மென்பொருள் ஒரு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. அதை நிர்வகிக்கும் பகுதியை கம்பெனி அப்போது வாங்கியிருக்கவே இல்லை. 2004-ல் யாரோ உள்ளே புகுந்து ஓசைப்படாமல் அதை எழுப்பிவிட்டார்கள். பிரதமர் கரமன்லிஸ், அவர் மனைவி, மந்திரிகள் என்று சுமார் 100 பேரின் பேச்சு, யாருடையவை என்றே தெரியாத சில ப்ரீபெய்ட் செல்போன்களுக்கு நகல் நகலாகப் போனது. 2005 மார்ச்சில்தான் கண்டுபிடித்தார்கள். நாட்டுக்குச் சொன்னது 2006 பிப்ரவரியில். சட்டத்துக்காக வைத்த கதவு. வந்தவனிடம் உத்தரவும் இல்லை, நடுவில் அந்த மனிதனும் இல்லை.

அமெரிக்காவுக்கும் அந்த நாள் வந்தது. சீனாவோடு தொடர்புள்ள ஹேக்கர்கள் பல டெலிபோன் கம்பெனிகளுக்குள் நுழைந்துவிட்டதாக 2024 நவம்பரில் எஃப்.பி.ஐ.யே ஒப்புக்கொண்டது. அவர்கள் அள்ளிக்கொண்டு போனவற்றில், நீதிமன்ற உத்தரவின் பேரில் போலீஸ் கேட்டிருந்த விவரங்களில் சிலவும் அடக்கமாம். போலீஸ் யாரைக் கண்காணிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதைவிட ஒற்றனுக்கு வேறென்ன லாட்டரி வேண்டும்?

வாரண்டை மதிக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. கையில் இருப்பதைக் கொடு என்று நீதிபதி சொன்னால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் என்றோ வரப்போகிற ஒரு வாரண்டுக்காக எல்லார் வீட்டுச் சுவரையும் இன்றைக்கே இடித்து வைப்பது நியாயமாகப் படவில்லை. அந்த இன்ஜினீயரிடம் பேச வாய்த்தால் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: ‘நீங்கள் யாருக்காகத் திறக்கிறீர்கள் என்பது தெரியும். நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு அது மூடியிருக்கிறதா?’

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். யாராலும் படிக்க முடியாதபடி பேச்சைப் பூட்டும் ரகசியக் குறியீட்டு ஆப்களால் விசாரணையே நடத்த முடியவில்லை என்று எஃப்.பி.ஐ. வருஷக்கணக்காகப் புலம்பிவந்தது. 2024 டிசம்பரில் அதே அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு, உயர் பதவியில் இருப்பவர்களுக்கு ஓர் அறிவுரை வெளியிட்டது. இனிமேல் அந்த மாதிரி ஆப்களில் மட்டும் பேசுங்கள் என்று.