பாதி விலையில் பரிக்கிரகம்

ஸ்டீம் என்னும் கணினி விளையாட்டு அங்காடி வேனிற்காலத்திலும் குளிர்காலத்திலும் பெருந்தள்ளுபடி அறிவிக்கும்போது, ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் பாதி விலைக்கும் கால் விலைக்கும் இறங்கி வந்து நிற்க, அவற்றுள் எதை வாங்குவது, எவ்வளவு பணத்தோடு நிறுத்துவது என்று திகைப்பவர்கள் அதைச் சிக்கனத்தைப் பற்றிய கேள்வியாகவே கருதுகிறார்கள். எனக்கோ அது சமண ஆசாரியர்கள் வெகு நுட்பமாக ஆராய்ந்து வைத்த பரிக்கிரகம் என்னும் பொருட்பற்று குறித்த கேள்வியாகவே படுகிறது.

துறவிக்கு உடைமையே ஆகாதென்று விதித்த சமண சமயம், இல்லறத்தானை நோக்கி, உன் இச்சைக்கு ஓர் அளவை நீயே முன்கூட்டி வரைந்துகொள் என்று மட்டும் சொல்லிற்று. உபாசகதசா என்னும் ஆகமத்தில் வரும் ஆனந்தன் என்ற கிருகஸ்தன், மகாவீரர் முன்னிலையில் இவ்விரதத்தை ஏற்றபோது, சேமநிதியில் 4 கோடிப் பொன், வட்டியில் 4 கோடி, நிலபுலன்களில் 4 கோடி என்று, தான் ஏற்கெனவே வைத்திருந்த செல்வத்தையே எல்லையாகக் கொண்டான். ஒரு காசும் இழக்காமல் எடுத்த விரதம் என்ன விரதமோ என்று நகைக்கத் தோன்றும். ஆயினும் அவன் துறந்தது இனி வரக்கூடியவற்றின்மேல் செல்லும் ஆசையை; தள்ளுபடி நம்மைப் பற்றுவதும் அவ்விடத்திலேதான்.

விலையைக் கண்ட பின் வரையும் எல்லை விலைக்குத் தக்கவாறு நெகிழும். 2,000 ரூபாய் விளையாட்டு 500 ரூபாய்க்குக் கிடைத்தால், 1,500 ரூபாய் மிச்சமென்று கணக்கெழுதும் மனம், அந்த இல்லாத மிச்சத்தைக் கொண்டே இன்னும் மூன்றை வாங்கிவிடுகிறது. நூறு மணி நேரம் கேட்கும் விளையாட்டோ, கால் விலைக்கு வந்தாலும் நூறு மணி நேரமே கேட்கும். ஆகையால் எல்லையை ரூபாயில் வரைவதைக் காட்டிலும், வாங்கியும் திறவாமல் கிடப்பவை இத்தனைக்கு மேற்படலாகாது என்று வரைவதே விரதத்தின் உட்கருத்துக்கு இசைந்தது என்பது என் துணிபு. கைப்பணம் குறைந்த மாணவன் ஒருவன், விரும்பிய ஒன்றுக்காக மாதக்கணக்கில் காத்திருந்து தள்ளுபடியில் வாங்குவதை நான் குறைசொல்லேன். விலை இறங்குமுன்னரே தன் இச்சையின் அளவை அறிந்தவன் அவன்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பரிக்கிரகம் என்பது பொருளில் இல்லை, பொருளின்மீது மனம் கொள்ளும் மயக்கமே அது என்று சமண ஆசாரியர் உமாசுவாதி தத்துவார்த்த சூத்திரத்தில் இலக்கணம் வகுத்தார். ஸ்டீமில் நாம் விலைகொடுத்துப் பெறுவதோ விளையாட்டை ஆடும் உரிமம் மட்டுமே. அதை விற்கவும் இயலாது, பிறர் பெயருக்கு மாற்றவும் இயலாது. விற்பவர்கள் இவ்வுண்மையை வாங்குவோருக்குத் தெளிவாக அறிவிக்க வேண்டுமென்று கலிபோர்னியா மாநிலம் 2024இல் சட்டமே இயற்றியது. உடைமை சிறிதும் இல்லாத இடத்தில் மயக்கம் மட்டும் பூரணமாக நிற்கும் இந்நிலையைக் காட்டிலும் தெளிந்த உதாரணம் உமாசுவாதிக்குக் கிடைத்திராது.

வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாகவே ஆடியிருந்தால், கேட்பவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும் வழக்கத்தை 2015இல் அவ்வங்காடி ஏற்படுத்தியது. ஆடிப்பார்த்து வேண்டாமென்பவனுக்கு அது உதவும். வாங்கியதைத் திறந்தே பாராதவனுக்கு அந்த 14 நாட்கள் கழிந்ததும் தெரியாது.