வரி கட்டினால் புண்ணியம் உண்டா?

வீட்டு வரி வசூலுக்குப் போனால் மாரியூர்ப் பெரியவர்கள் கேட்பார்கள்: “கோயிலுக்குக் குடுத்தா புண்ணியம். உனக்குக் குடுத்தா என்னப்பா கெடைக்கும்?” ஊராட்சி எழுத்தராக இருந்த காலம் முழுக்க என் மனதில் கிடந்த கேள்வி அது.

எங்கள் ராமநாதபுரச் சீமையான சேது நாட்டில் தருமம் என்றால் அதற்கொரு கொடையாளியின் பெயர் இருக்கும். ராமேசுவரம் போகும் வழியெங்கும் அதை ஆண்ட சேதுபதிகள் சத்திரம் கட்டினார்கள். கோயில், சத்திரம், பாலம் எல்லாவற்றையும் கும்பினி அரசின் 1817 ரெகுலேஷன் ஒரே சட்டத்தில்தான் வைத்தது. பிறகு 1871-இல் உள்ளூர் நிதிச் சட்டம் வந்து, நிலத்தின் மேல் ரூபாய்க்கு ஓர் அணா வரை செஸ் வரி விதித்தது. 1884 சட்டம் ஜில்லா போர்டுகளை அமைத்தது. 1910-இல் தனி ஜில்லாவான ராமநாதபுரத்துக்கும் போர்டு கிடைத்தது. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கிணறு எல்லாம் அதன் பொறுப்பு. அவற்றில் கொடையாளி என்று எவர் பெயரும் இல்லை.

கட்டாயமாக வாங்கிய அணாவில் அறம் ஏது, மனம் ஒப்பிக் கொடுப்பதுதானே தருமம் என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கொடுப்பவர் கையில்தான் வாசல் சாவியும் இருந்தது. பல சத்திரங்களில் சாதி பார்த்தே பந்தி. பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று 1924-இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் தீர்மானம் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களைக் கிணற்றடியில் விரட்டினார்கள். ஆனால் விரட்டப்பட்டவர் இனி இரந்து நிற்க வேண்டியதில்லை. என் உரிமை என்று வழக்காடலாம். கொடையாளி இல்லாத கிணற்றில் தண்ணீர் எடுப்பவர் எவருக்கும் கடன்பட்டவர் இல்லை.

எங்கள் பூவேந்தியநாதர் கோயிலில் சித்திரைத் திருவிழாவின்போது வலைவீசும் படலம் என்ற நிகழ்வு நடக்கும். அந்தக் கதையில் ஈசன் வள்ளலாக வரவில்லை. வலைஞராக வந்து, கடலைக் கலக்கிய சுறாவைப் பிடித்து ஊரின் துயர் தீர்க்கிறார். ஊர் வேலையில் இறங்குவதே வழிபாடு என்று எனக்குச் சொன்னது அந்தப் படலம்தான்.

1958 பஞ்சாயத்துச் சட்டத்தோடு ஜில்லா போர்டுகளின் காலம் முடிந்தது. ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. வரி மட்டும் தொடர்கிறது. அதில் புண்ணியம் உண்டென்றே நான் நம்புகிறேன். கட்டாயத்தில் கட்டிய வரிக்கு நம் மனம் வந்து சேரும் இடம் ஒன்று இருக்கிறது, கிராம சபை. தானம் செய்தவர் கொடுத்ததை மறந்துவிடலாம். வரி கட்டியவர் மறக்கக் கூடாது. அங்கே போய் உட்கார்ந்து, தெருக்குழாயில் தண்ணீர் யாருக்கு வரவில்லை என்று கேட்க வேண்டும்.