பொய்யால் நீதி பிறக்குமா?



நாம் நம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் புத்திமதி "பொய் சொல்லாதே" என்பதுதான். அரிச்சந்திரன் கதையையும் சேர்த்தே சொல்கிறோம். அதே பிள்ளை சற்று வளர்ந்து, "அப்பா, நீங்கள் இந்த நாட்டுக்கு எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டால் பலர் பேச்சை மாற்றிவிடுகிறோம். 1983க்குப் பின் உயிர் தப்பி எல்லைகளைக் கடந்தவர்களுள், சொந்தப் பெயரோடும் சரியான கடவுச்சீட்டோடும் வந்தவர்கள் எத்தனை பேர்? ஆகவே, நன்மைக்காகச் சொல்லும் பொய் குற்றமா என்பது நமக்கு வெறும் பட்டிமன்றத் தலைப்பு அன்று.

இக்கேள்வியை நன்கு எழுப்பும் பழைய ஆங்கிலத் திரைப்படம் ஒன்று உண்டு. ஓர்சன் வெல்ஸ் இயக்கி, தானே நடித்து, 1958இல் வெளிவந்த 'டச் ஒப் ஈவில்' என்ற கறுப்பு வெள்ளைப் படம் அது. அமெரிக்காவும் மெக்சிகோவும் சந்திக்கும் பாலைநில எல்லையில் ஒரு சிறு நகரம். எல்லையைக் கடந்த ஒரு கார் குண்டு வெடித்துச் சிதறுகிறது. விசாரிக்க வருபவர் குயின்லன் என்ற மூத்த பொலிஸ் அதிகாரி. ஒரு மெக்சிக்க இளைஞன்மீது அவருக்குச் சந்தேகம். ஆனால் சாட்சியம் இல்லை. அவனுடைய வீட்டிலிருந்த சப்பாத்துப் பெட்டிக்குள் வெடிமருந்துக் குச்சிகளை வைத்துவிட்டு, அங்கே கண்டெடுத்ததாகச் சொல்கிறார். அந்தப் பெட்டி சற்று முன் வெறுமையாக இருந்ததை மெக்சிக்க அதிகாரி வார்காஸ் கண்டிருந்தார். அங்கே தொடங்குகிறது போராட்டம்.

குயின்லன் பிறவியிலேயே கெட்டவர் அல்லர். அவருடைய மனைவியைக் கொன்றவன் சாட்சியம் இல்லாமல் தப்பிவிட்டான். இனி எந்தக் கொலைகாரனும் தப்பக்கூடாது என்ற வைராக்கியமே அவரைப் பொய்ச் சாட்சியத்துக்குக் கொண்டுவந்தது. அந்தப் பொய்யை மறைக்க அவரே கொலையும் செய்கிறார். படத்தின் முடிவில், இளைஞன் குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்ற செய்தி வருகிறது. குயின்லனின் சந்தேகம் சரியாகவே இருந்திருக்கிறது! அப்படியானால் அவர் செய்தது சரியா? நிச்சயமாக இல்லை என்றே நம் மனம் சொல்கிறது. ஏன்?

இன்னொரு எல்லைக்கு வருவோம். இது கதை அல்ல, சுவிற்சர்லாந்தில் நடந்தது. 1938இல் ஒஸ்திரியாவை ஹிட்லர் விழுங்கிய பின், உயிர் தப்பி ஓடிவந்த யூதர்களுக்கு ஓகஸ்ட் மாதத்தில் சுவிஸ் எல்லை மூடப்பட்டது. சென்ட் காலன் மாநிலப் பொலிஸ் தலைவர் பவுல் குரூனிங்கர், தடைக்கு முன்பே அவர்கள் வந்ததாகத் திகதிகளை மாற்றி எழுதிப் பல நூறு பேரை உள்ளே விட்டார். 1939இல் அவரது பதவி பறிபோனது. 1940இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ஓய்வூதியமும் இல்லாமல் கிடைத்த வேலைகளைச் செய்து, 1972இல் வறுமையில் இறந்தார். 1995இல்தான் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது.

இருவரும் பொலிஸ் அதிகாரிகள். இருவரும் கடமை உறுதிமொழியை மீறிப் பொய்ப் பதிவு செய்தவர்கள். வேறுபாடு எங்கே? குயின்லனின் பொய் இன்னொருவனைக் கூண்டில் அடைத்தது; அவன் தன் பக்கத்தைச் சொல்லும் வழியையும் அடைத்தது. குரூனிங்கரின் பொய் அடைபட்ட கதவைத் திறந்தது. அதற்கான விலையையும் அவரே செலுத்தினார்.

அப்படியானால், விலையைத் தானே செலுத்துபவன் எதையும் செய்யலாமா? டாவோஸ் நகரம் இதற்கு ஓர் எதிர்க்கேள்வி வைத்திருக்கிறது. சுவிற்சர்லாந்தில் நாசிக் கட்சியை நடத்திவந்த வில்ஹெல்ம் குஸ்ற்லோவ் அங்கேதான் வசித்தார். 1936 பெப்ரவரி 4ஆம் திகதி, டேவிட் பிராங்க்பேர்ட்டர் என்ற யூத மருத்துவ மாணவர் அவருடைய வீட்டுக்கே சென்று சுட்டுக் கொன்றார். தப்பியோடவில்லை, பொய் சொல்லவில்லை, தாமாகவே சரணடைந்தார். கூர் நகர நீதிமன்றம் 18 ஆண்டுச் சிறை விதித்தது. 1945இல் மன்னிப்புக் கிடைத்தது. தம் இனம் படும் துன்பத்தைக் கண்டு கொதித்த அவரது நெஞ்சம் நமக்கு விளங்காதது அல்ல. ஆயினும் அவர் எடுத்தது ஓர் உயிர். ஒளிவு மறைவின்மையும் தன் தண்டனையைத் தானே ஏற்பதும் மட்டும் ஒரு செயலை அறமாக்கிவிடா. யாருக்குத் தீங்கு என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். உண்மையே பேசுவேன் என்று விரதம் பூண்ட கௌசிகர் என்ற தவசி, கள்வருக்கு அஞ்சி ஓடியவர்கள் சென்ற வழியைக் கள்வரிடமே காட்டிக் கொடுத்தார். அவர்கள் கொல்லப்பட்டனர், கௌசிகர் நரகம் சென்றார் என்கிறது மகாபாரதம். அதே மகாபாரதத்தில், துரோணரை வீழ்த்துவதற்காகத் தருமர் அசுவத்தாமனைப் பற்றி அரைப் பொய் சொன்னதும், நிலத்தைத் தொடாமல் ஓடிய அவருடைய தேர் தரையில் இறங்கிவிட்டது. அடைக்கலம் தேடி ஓடுபவனைக் காட்டிக் கொடுக்கும் உண்மை பாவம். ஒருவனை வீழ்த்தச் சொல்லும் பொய், வெற்றி தந்தாலும் பாவம். இரண்டையும் ஒரே நூல் சொல்வதுதான் அதன் பெருமை.

இதை நம் வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம். உயிரைக் காக்க வேறு பெயரில் எல்லை கடந்தவர் வெட்கித் தலை குனிய வேண்டியதில்லை. ஆனால், "நான் பட்ட துன்பம் கொஞ்சமா?" என்று சொல்லிக்கொண்டு, வந்து சேர்ந்து இத்தனை ஆண்டுகள் சென்ற பின்னும் அடுத்தவர்மீது பழி சுமத்துவதும், பிறருக்கு உரியதைப் பொய்க் கணக்கால் பெறுவதும் வேறு. குயின்லனும் தன் துன்பத்தில்தான் தொடங்கினார். பட்ட துன்பம் ஆயுள் முழுவதற்குமான அனுமதிச் சீட்டு அல்ல.

பிள்ளை கேட்கும்போது பேச்சை மாற்ற வேண்டாம். எந்த இடத்தில் பொய் சொன்னோம், ஏன் சொன்னோம், அதனால் யாருக்கேனும் தீங்கு நேர்ந்ததா என்பதைச் சொல்வோம். அரிச்சந்திரன் கதையோடு குரூனிங்கரின் கதையையும் சொல்வோம். உண்மையின் அருமை அப்போதுதான் அவர்களுக்குப் புரியும்.